அற்றன்பரோ என்றொரு பெயர்

இங்கிலாந்தின் லெஸ்ரர் நகரிலே குடியிருக்கும் என் தமையனாரின் மகன் சென்ற தை மாதத்தில் ஒருநாள் என்னைத் தொலைபேசியில் அழைத்தான். பதினாறு வயதுப் பையன்.

"சித்தப்பா, ஆக்களிட்டைக் குறைவாய் இருக்கிற குடும்பப்பெயர் ஒண்டைப் பற்றி ஆராய்ஞ்சு எழுதச் சொல்லியிருக்கினம். நான் அற்றன்பரோ எண்ட பேரை எடுத்திருக்கிறன். கடைசியிலை எங்கடை பேரையும் சேர்க்கப்போறன்" என்றான்.

உயர்தர வகுப்பிலே கணிதம் படிப்பிக்கும் எனக்கும் குடும்பப்பெயர் ஆராய்ச்சிக்கும் தொடர்பில்லை. நம்மவரிடையே குடும்பப்பெயரே இல்லையன்றோ! தந்தையின் பெயர் மகனுக்குத் தலையெழுத்தாகி, மகனின் பெயர் பேரனுக்குத் தலையெழுத்தாகி, ஒவ்வொரு பெயரும் ஒரு தலைமுறையளவில் உதிர்ந்துவிடும். ஆயினும் பையன் கேட்டானே என்று படிக்கப் புகுந்தவன், இரண்டு மாதம் அதிலேயே கிடந்தேன்.

அற்றன்பரோ என்றதும் வாசகருக்கு இரு சகோதரர் நினைவுக்கு வருவர். மூத்தவர் றிச்சட், 1982இல் 'காந்தி' திரைப்படத்தை உருவாக்கியவர். இளையவர் டேவிட், காட்டையும் கடலையும் நம் வீட்டுத் தொலைக்காட்சிக்குள்ளே கொண்டுவந்தவர். இத்துணைப் புகழ் பெற்ற பெயராயினும் இங்கிலாந்தில் அதனைத் தாங்கியோர் மிகச் சிலரே. அவர்களுட் பெரும்பாலார் நொற்றிங்காம்சயர், டார்பிசயர் என்னும் அயல் மாவட்டங்கள் இரண்டையும் சார்ந்தவர்கள்.

பெயரின் ஊற்று ஒரு சிற்றூர். நொற்றிங்காம் நகருக்குத் தென்மேற்கே, ட்ரென்ற் ஆற்றங்கரையில் உள்ளது. பழைய ஆங்கிலத்தில் 'புர்' என்றால் அரண் செய்த இடம். 'அடா' என்பது போல ஒலிக்கும் பெயரையுடைய ஒருவனது அரண் என்பதே ஊர்ப்பெயரின் பொருள் என்பர். (தமிழ்க் காதுக்கு அது யாரையோ அதட்டுவது போலிருக்கிறது, பையன் வெகுநேரம் சிரித்தான்.) பெயருக்குப் புறம்பாக அம்மனிதனைப் பற்றி வரலாறு ஒன்றும் சொல்லவில்லை.

ஊர்ப்பெயர் மனிதப்பெயரானது எவ்வாறு? 1066இல் நோமானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னரே தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப்பெயர் அங்கே வேரூன்றியது. முதலில் நிலமுடையோர் வைத்துக்கொண்டனர். பின்னர் பதினான்காம் நூற்றாண்டு முடிவதற்குள் பொதுமக்களிற் பெரும்பாலாரிடமும் பரவிவிட்டது. தொழிலாற் பெற்றவன் சிமித், கொல்லன். தந்தையாற் பெற்றவன் ஜோன்சன். ஊராற் பெற்றவனிடத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அற்றன்பரோவிலே வாழ்பவனை அவ்வூரார் அப்பெயரால் அழைக்க நியாயமில்லை. அங்கே எல்லாரும் அற்றன்பரோக்காரரே. ஊரை விட்டு வெளிக்கிட்டவனுக்குத்தான், போய்ச் சேர்ந்த ஊரவர் அப்பெயரைச் சூட்டியிருப்பர். ஊர்ப்பெயர் கொண்ட குடும்பத்தின் முன்னோன் பெரும்பாலும் எங்கிருந்தோ வந்தவன்.

இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

அச்சகோதரரின் தந்தையார் பிரெடெறிக் அற்றன்பரோ பிறந்த ஸ்ரேபிள்போட் என்னும் ஊர், பெயர் தோன்றிய கிராமத்திலிருந்து சில மைல் தூரத்தில் உள்ளது. அறுநூறு ஆண்டுக்கு மேலாகியும் பெயர் அவ்வளவு கிட்டத்திலேயே நின்றிருக்கிறது! அவர் பழைய ஆங்கிலத்திற் புலமை மிக்கவர். ஆதி ஆங்கில மன்னரின் சட்டங்களை 1922இல் நூலாகப் பதிப்பித்தவர். தம் பெயரிலுள்ள 'புர்' என்ன என்பதை அவருக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்திராது. 1932 தொடக்கம் 1951 வரை லெஸ்ரர் பல்கலைக்கழகக் கல்லூரியின் அதிபராயிருந்தார். பின்னாளில் அது பல்கலைக்கழகமாயிற்று; அங்குள்ள உயர்ந்த கோபுரக் கட்டடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பையன் பாடசாலைக்குப் போகும் வழியில் நாடோறும் காண்பது அதைத்தான். மூலக் கிராமத்தில் சரளைக்கல் அகழ்ந்த குழிகள் நீர்நிலைகளாகிப் பறவைகள் வந்து சேர, 1966இல் அவை இயற்கைக் காப்பிடமாயின. திறந்து வைத்தவர் டேவிட். முன்னோன் விட்டுச்சென்ற ஊருக்குப் பெயர் திரும்பி வந்தது போலும்!

அந்த வீட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1939இல் பேர்லின் நகரிலிருந்து ஹெல்கா, ஐரீன் என்னும் யூதச் சிறுமியர் இருவர் அங்கே வந்து சேர்ந்தனர். அமெரிக்காவிலிருந்த உறவினரிடம் செல்லும் வழியிலே சில நாள் தங்கவே வந்தவர்கள். போர் மூண்டு வழி அடைபட்டது. அதிபரும் மனைவியாரும் தம் மைந்தர் மூவரையும் அழைத்து, இனி இவர்கள் உங்கள் சகோதரிகள் என்றனர். போர் முடியும் வரை ஐந்து பிள்ளைகளும் ஒரு வீட்டிலே வளர்ந்தனர்.

இனி ஆராய்ச்சிக்கு வருவோம். டி. என். ஏ. கொண்டு ஆளை அடையாளங் காணும் முறையை அலெக் ஜெப்றீஸ் 1984இற் கண்டதும் இதே லெஸ்ரர் பல்கலைக்கழகத்தில்தான். அங்கே ரூறி கிங், மார்க் ஜொப்லிங் என்னும் அறிஞர் இருவர் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வை நிறமூர்த்தம் தந்தையிடமிருந்து மகனுக்கு மாத்திரம் செல்வது; ஆங்கிலக் குடும்பப்பெயரும் அவ்வழியே செல்வது. ஆகவே ஒரே பெயருடைய ஆண்கள் ஒரே நிறமூர்த்தமும் உடையரோ என்று 40 பெயர்களை எடுத்து, 1,678 ஆண்களைச் சோதித்தனர். சிமித் போன்ற பெயரில் ஒற்றுமையே இல்லை. ஊருக்கு ஊர் கொல்லன் இருந்தானன்றோ! பெயர் அரிதாக அரிதாக ஒற்றுமை மிகுந்தது. அற்றன்பரோக்களில் ஏறத்தாழ 87 வீதத்தினர் ஒரே வகை நிறமூர்த்தம் உடையவர்கள். அஃதாவது ஒரே மூதாதையின் வழியினர்.

ஆதியிலே பலர் அப்பெயரைச் சூடியிருந்தாலும் முடிவு இப்படி ஆகலாம் என்பதற்குக் கணிதம் துணை நிற்கிறது. ஆண்பிள்ளை இல்லாத வீட்டிலே பெயர் அற்றுப்போகும். பெருங்குடிப் பெயர்கள் ஏன் மறைகின்றன என்ற கேள்வியை 1873இல் பிரான்சிஸ் கோல்ற்றன் ஒரு சஞ்சிகையில் எழுப்ப, வாற்சன் என்னும் பாதிரியார் கணக்குச் செய்து விடை எழுதினார். எல்லாப் பெயரும் என்றோ ஒருநாள் அழிந்தே தீரும் என்பது அவர் முடிவு. அது பிழை. ஒருவனுக்குச் சராசரியாக ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்பிள்ளைகள் இருப்பின் பெயர் நிலைக்கவும் வாய்ப்புண்டு. ஆனாலும் பல அறுந்து சில தழைக்கும் என்பது உண்மை. இதனை என் மாணவருக்குக் கரும்பலகையிற் செய்து காட்டினேன். பாடத்திட்டத்தில் இல்லாததை அவர்கள் விரும்பிக் கேட்டது வியப்பு.

பையனுக்கும் இதையெல்லாம் சொன்னேன். அவன் கவனம் வேறிடத்தில் நின்றது.

"மிச்சம் 13 வீதமும் ஆர், சித்தப்பா?"

தாயின் பெயரைச் சூடியவர் இருப்பர், மறைவான பிறப்பிருக்கும், எடுத்து வளர்த்த பிள்ளைகள் இருப்பர் என்றேன்.

"அப்ப நானும் நீங்களும் எச்சிலைக் குழாயிலை சேர்த்து அனுப்பிப் பாப்பமே? அம்பலவாணர் எண்ட பேர் எங்கடை பள்ளிக்கூடத்திலை எனக்கு மட்டுந்தான். கட்டுரைக்கு நல்லாயிருக்கும்."

நான் யோசித்துச் சொல்வதாகக் கூறித் தொலைபேசியை வைத்தேன். அம்பலவாணர் என் தந்தையார். தமையனார் அவர் பெற்ற பிள்ளை அல்லர். 1978 கார்த்திகை 23இல் மட்டக்களப்பைப் புயல் அழித்தபோது ஐயா அங்கே ஆசிரியராயிருந்தார். அயல்வீட்டுத் தம்பதியர் அந்த இரவில் மாண்டனர். எஞ்சிய நான்கு வயதுக் குழந்தையைத் தோளிற் போட்டுக்கொண்டு ஐயா யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டு நான் பிறந்தேன். எங்கள் ஒழுங்கையிலே பிள்ளைகள் அண்ணையை 'மட்டக்களப்பான்' என்றே கூப்பிடுவார்கள். ஊர்ப்பெயர் பற்றிப் படித்த அந்த இரவு எனக்கு உறக்கம் வராத காரணம் இதுதான்.

1996இல் அண்ணை இங்கிலாந்து சென்றபோது குடும்பப்பெயர் என்ன என்று கேட்கப்பட்டது. தலையெழுத்தை விரித்து, அம்பலவாணர் என்று எழுதிக் கொடுத்தார். கொழும்புக்கு அப்பாற் போயறியாத ஐயாவின் பெயர் அன்று ஆங்கிலக் குடும்பப்பெயராயிற்று. எனக்குப் பெண்பிள்ளைகள் இருவர். ஐயாவின் பெயர் தொடர்வதாயின் லெஸ்ரரில்தான் தொடரும். சோதனைக் குழாயோ எனக்கும் பையனுக்கும் உறவே இல்லை என்று சொல்லும். பையனுக்கு இது எதுவும் தெரியாது.

அண்ணையுடன் பேசினேன். வெகுநேரம் மறுமுனையிலே ஒலியில்லை. "நீ சொல்லாதை. நானே சொல்லுறன்" என்றார். (அவர் இசைவுடனேயே இதை எழுதுகிறேன்.)

பத்து நாட்களின் பின் பையன் அழைத்தான். குரல் வழமை போலவே இருந்தது. சோதனையைப் பற்றி அவன் பேசவில்லை. "அப்பாவைப் பெத்த தாத்தாவின்ரை பேர் என்ன? அப்பாவுக்குத் தெரியாதாம்" என்றான்.

ஐயாவின் தகரப்பெட்டியைத் திறந்தேன். உறுதிக் கட்டுகளுக்கு அடியிலே கொப்பியிற் கிழித்த ஒரு தாள். தாய் தந்தை பெயர், ஊர், பிள்ளையின் நட்சத்திரம் எல்லாம் ஐயாவின் எழுத்தில் இருந்தன. கீழே, 'வளர்ந்தபின் கேட்டாற் கொடுக்க' என்று ஒரு வரி. அண்ணை ஒருநாளும் கேட்டதில்லை.

தாளைப் படம் எடுத்து அனுப்பினேன். அந்தப் பெயரை ஆங்கில எழுத்திலே எப்படி எழுதுவது என்று அன்றிரவே பையன் கேட்டான். இரண்டு விதமாய் எழுதலாம் என்று சொல்லி, இரண்டையும் எழுதி அனுப்பினேன்.