ஒரு போன், நாலு பேர்

2021 மே மாதம், 18 வயது நிரம்பியவர்களும் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்று வந்தது. ஆனால் முதலில் 'கோவின்' தளத்தில் பெயர் பதிய வேண்டும் என்றார்கள். ஓசூரில் என் கணவர் வேலை பார்க்கும் கல்லூரியில் பெருக்கித் துடைக்கிற பெண்களெல்லாம் காண்ட்ராக்ட் ஆட்கள். பாதிப் பேர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். பட்டன் போனை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள், பாவம்!

அப்போது ஒரு நம்பரில் நாலு பேரைப் பதிய முடிந்தது அல்லவா? ஆசிரியர் சங்கத்தார் தங்கள் போனிலேயே அவர்களைப் பதிந்து கொடுத்தார்கள். அப்படியும் பலர் தயங்கினார்கள். மறுநாள் காய்ச்சல் கண்டால் கூலி போய்விடுமே! சங்கம் நிர்வாகத்திடம் பேசி, கூலியோடு ஒரு நாள் லீவு வாங்கித் தந்தது. அப்புறம்தான் எல்லோரும் வந்தார்கள்.

கைக்குழந்தைக்காரி ஒருத்தி, "ஊசி போட்டுக்கிட்டா பால் கொடுக்கலாமாம்மா?" என்று என்னைக் கேட்டாள். பாலூட்டும் தாய்மாருக்கு மே 19-ஆம் தேதியே மத்திய அரசு அனுமதி தந்திருந்தது. (கர்ப்பிணிகளுக்கு ஜூலை 2-ல் கிடைத்தது.) நர்ஸம்மாவிடமும் கேட்டுச் சொன்ன பிறகுதான் அவள் முகம் தெளிந்தது.

சகோதரிகளே, அரசு ஆஸ்பத்திரியில் அன்று ஊசி இலவசமாகத்தான் போட்டார்கள். குறுக்கே நின்றது ஒரு நாள் கூலி! உங்கள் வீட்டு வேலைக்கு வருகிறவள் தனக்கோ குழந்தைக்கோ ஊசி போடப் போகிற நாளில் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள்.