உறி முடிச்சு

புது தில்லி
15.2.2015

அன்புள்ள கயல்,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். கோபம்தான் வந்தது, எழுத்து வரவில்லை. ‘கயிற்றில் முடிச்சுப் போடுவது கைவேலை, சிற்பம் ஆகாது’ என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்களாமே!

நேற்று தேசிய நவீனக் கலைக்கூடத்தில் மிருணாளினி முகர்ஜியின் சிற்பங்களைப் பார்த்தேன். கயிறுடி, கயல்! சணல் கயிற்றுக்குச் சாயம் ஏற்றி, ஆள் உயரத்துக்கும் மேலே எழுப்பி நிறுத்தியிருக்கிறார். ‘வனஸ்ரீ’ முன்னால் வெகுநேரம் நின்றேன். விரியும் பூ மாதிரியும் இருக்கிறது, கருவறையில் அமர்ந்த தெய்வம் மாதிரியும் இருக்கிறது. கிட்டே போய்ப் பார்த்தால் முடிச்சுக்குப் பக்கத்தில் முடிச்சு, அம்மா உறிக்குப் போடுகிற அதே இறுக்கம். தறி கிடையாது. முன்கூட்டி வரைந்துகொள்ளவும் மாட்டாராம். ஒரு முடிச்சு விழுந்த பிறகுதான் அடுத்தது எந்தப் பக்கம் போகும் என்று கை முடிவு செய்யும்.

அவருடைய அப்பா, சாந்திநிகேதன் ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி. மகள் சிறுமியாக இருக்கும்போதே அவருக்குப் பார்வை போய்விட்டது. அதற்குப் பிறகும் காகிதத்தை வெட்டி ஒட்டிப் படம் செய்தார், சுவர்ச்சித்திரம்கூட அமைத்தார். சத்யஜித் ரே 1972இல் அவரைப் பற்றி ஆவணப்படமே எடுத்தார். அம்மா லீலா, மரம் செதுக்கிய சிற்பி. விரல்களே பார்ப்பதை வீட்டிலேயே கண்டு வளர்ந்தவர் மிருணாளினி. பரோடாவில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் கே.ஜி. சுப்ரமணியன், நம் சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். பொம்மை, நெசவு, சுவர்ச்சித்திரம் எல்லாவற்றையும் ஒரே மதிப்போடு தொட்ட மனிதர். அப்படி ஓர் ஆசிரியர் உனக்கு வாய்க்கவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

எழுபதுகளில் கயிற்றை எடுத்த மிருணாளினி, இருபது வருடத்துக்கும் மேல் அதை விடவில்லை. பிறகு சுடுமண், கடைசியில் வெண்கலம். போன மாதக் கடைசியில் இந்தக் கண்காட்சி திறந்தது; சில நாளில் அவர் போய்விட்டார். 65 வயதுதான். கூடத்தில் நிற்கும்போது அது நினைவுக்கு வந்து தொண்டையை அடைத்தது.

கயிற்றுச் சிற்பத்தைப் பாதியில் பரணில் போட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாயே, அதை இறக்கித் தூசி தட்டி வை. சித்திரைக்கு வரும்போது சணல் கயிறு ஐந்து கிலோ கொண்டுவருகிறேன். அதற்குள் அம்மாவிடம் அந்த உறி முடிச்சை மறுபடி போட்டுக் காட்டச் சொல். எனக்கு மறந்துபோய்விட்டது.

அன்புடன்,
அக்கா