ரயில் பெட்டிக்குள் அரும்பாவூர்

சாக்ரமென்டோ, கலிஃபோர்னியா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வந்தே பாரத் அரியலூரில் நிற்காமலே போய்விடுகிறது என்று போனில் வருத்தப்பட்டீர்கள். அதே பேச்சில், அமெரிக்காவில் ரயிலெல்லாம் எப்படி என்றும் கேட்டீர்கள். இன்றைய ரயிலைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை. 1930களில் இங்கே ஓடத் தொடங்கிய ரயில்களைப் பற்றிச் சொல்கிறேன். அந்த வகைப் பெட்டியும் இன்ஜினும் இந்த ஊர் ரயில் அருங்காட்சியகத்தில் இன்றும் பளபளவென்று நிற்கின்றன.

அப்போது இங்கே ரயில்கள் தனியார் கம்பெனிகளின் கையில் இருந்தன. பொருளாதாரம் சரிந்து, காரும் பஸ்ஸும் பெருகி, ரயிலுக்கு ஆள் குறைந்தது. அதுவரை பெரும்பாலான பெட்டிகள் கரியும் புழுதியும் தெரியாத கரும்பச்சை நிறத்தில்தான் ஓடின. ஆளைத் திரும்ப அழைக்கக் கம்பெனிகள் வண்ணத்தை நம்பின. 1934இல் யூனியன் பசிபிக் மஞ்சள் ரயிலை இறக்கியது. அதே ஆண்டு பர்லிங்டன் கம்பெனி பெயின்ட்டே அடிக்காமல், துருப்பிடிக்காத எஃகை அப்படியே மின்னவிட்டு ‘ஸெஃபிர்’ என்ற ரயிலை விட்டது. 1937இல் சதர்ன் பசிபிக்கின் ‘டேலைட்’ சிவப்பும் ஆரஞ்சும் கறுப்புமாகக் கலிஃபோர்னியக் கடலோரம் ஓடியது. தூரத்து வயலில் நிற்பவனுக்கும் இன்ன கம்பெனி ரயில் போகிறது என்று தெரிந்துவிடும்.

ஆனால் என் மனத்தைப் பிடித்துக்கொண்டது சிகாகோவுக்கும் லாஸ் ஏஞ்சலசுக்கும் இடையே ஓடிய சாண்டா ஃபே கம்பெனியின் ‘சூப்பர் சீஃப்’தான். அதன் டீசல் இன்ஜினுக்கு வண்ணம் தீட்டித் தந்தவர் லீலண்ட் நிக்கர்பாக்கர் என்ற ஓவியர். அமெரிக்கப் பூர்வகுடித் தலைவர்கள் அணியும் இறகுக் கிரீடத்தை மனத்தில் வைத்து, இன்ஜினின் முகத்தைச் சிவப்பாக்கி, அந்தச் சிவப்பைப் பக்கவாட்டில் பின்னோக்கி வழியவிட்டு, மஞ்சளும் கறுப்புமாகக் கரை கட்டினார். எதிரே நின்று பார்க்கும்போது, நின்றிருக்கிற இன்ஜினும் பாய்ந்து வருவது போலத்தான் இருக்கிறது.

உள்ளே போனால் அதைவிட அழகு. கோச்சிட்டி என்ற சாப்பாட்டுப் பெட்டி இங்கே இருக்கிறது. கோச்சிட்டி என்பது நியூ மெக்சிகோவிலுள்ள ஒரு பூர்வகுடி ஊரின் பெயர். அந்த ரயிலுக்கான பீங்கான் தட்டுகளை வடிவமைத்தவர் மேரி கோல்ட்டர். கிராண்ட் கேன்யன் விளிம்பில் நிற்கிற கல் கோபுரமும் அவர் வடிவமைத்ததுதான். நியூ மெக்சிகோவில் மிம்ப்ரெஸ் பள்ளத்தாக்கில் தோண்டியெடுத்த பழைய மண் கிண்ணங்களில் இருந்த மீனையும் பறவையையும் மானையும் எடுத்து, செம்பழுப்பு நிறத்தில் தட்டுகளில் பதித்தார். ரயில் எந்த மண்ணைக் கடக்கிறதோ அந்த மண்ணின் சித்திரம் சாப்பிடுகிறவன் கண்ணெதிரே இருக்கும்.

அந்தக் கிண்ணங்களின் காலத்தைப் படித்தபோது சிலிர்த்துப்போனேன் சித்தப்பா. பெரும்பாலானவை பதினொன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. நம் பக்கத்தில் ராஜேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்தை எழுப்பிக்கொண்டிருந்த அதே நூற்றாண்டு.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. அந்தக் கிண்ணங்களில் பல, இறந்தவர் முகத்தின் மேல் கவிழ்த்துப் புதைக்கப்பட்டவை. புதைகுழிச் சித்திரத்தைப் பணக்காரப் பயணிகளின் சாப்பாட்டுத் தட்டுக்குக் கொண்டுவந்தது சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை. வனைந்த கைகளின் பெயர் யாருக்கும் தெரியாது. வரைந்து தந்த கோல்ட்டரின் பெயர் தெரிகிறது.

நம் ரயிலுக்கு வருகிறேன். மீட்டர் கேஜ் காலத்தில் அரியலூரிலும் பெண்ணாடத்திலும் நாம் பார்த்ததெல்லாம் செங்காவிப் பெட்டிகள். பிறகு நீலம் வந்தது. அழகுக்காக வந்த நீலம் அல்ல அது. பழைய வேக்குவம் பிரேக் போய் ஏர் பிரேக் வந்தபோது, இரண்டையும் பிரித்தறிய அடித்த நிறம். கடைசிப் பெட்டியின் முதுகில் போட்டிருக்கிற பெரிய மஞ்சள் பெருக்கல் குறியும் அப்படித்தான். பெட்டி எதுவும் வழியில் கழன்றுவிடவில்லை, ரயில் முழுசாகப் போயிற்று என்று ஸ்டேஷன் ஊழியர்களுக்குச் சொல்வதற்கு. இவற்றில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. உயிரைக் காக்கிற வண்ணம் எல்லா அழகுக்கும் முன்னால் நிற்க வேண்டியது. ரயில் வரலாற்றில் அரியலூர் என்றால் 1956 நவம்பர் 23 விபத்தும் லால் பகதூர் சாஸ்திரியின் பதவி விலகலும்தானே நாடு முழுக்க நினைவுக்கு வருகின்றன.

என் ஆதங்கம் வேறு. 1955இல் தொடங்கிய பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில்தான் வந்தே பாரத்தும் பிறந்தது. வெள்ளையும் நீலமுமாக வந்து, பிறகு காவியும் சாம்பலுமாகவும் வந்தது. நம் மாநிலத்துக் கைகள் செய்த ரயில் அது. சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு நம் நிலத்தை ஊடுருவித்தான் ஓடுகிறது. அதற்குள் இந்த நிலத்தின் சித்திரம் ஒன்றுகூட இல்லை. பெரம்பலூர்ப் பக்கத்துக் காரையின் செம்மண் ஓடைகளில் கடல் இருந்த தடமும், சாத்தனூர்க் கல்மரமும், எறையூர் ஆலைக்குப் போகும் கரும்பு வண்டிகளும் அந்தக் கண்ணாடிக்கு வெளியே எங்கோ இருக்கின்றன. பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு எந்த மண்ணைக் கடக்கிறோம் என்ற உணர்வே வருவதில்லை.

மண்ணின் சித்திரத்தை ரயிலில் ஏற்றுவது முடியாத காரியம் இல்லை. 2018இல் பீகார் சம்பர்க் கிராந்தி எக்ஸ்பிரஸ் பெட்டிகளில் மிதிலை ஓவியம் தீட்டினார்கள். அந்த மண்ணின் பெண்களே வரைந்தார்கள். இறந்தவர்களின் கிண்ணத்தைத் தோண்டியெடுக்கத் தேவையில்லாமல், வரைகிறவரே உயிரோடு முன்னால் நின்று செய்த வேலை.

நமக்கு அரும்பாவூர் இருக்கிறது. அந்த ஊர்ச் சிற்பிகளின் மரச் சிற்பங்களுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகையிலும் வேம்பிலும் மாமரத்திலும் ஒரே கட்டையில் தெய்வ உருவைக் குடைந்தெடுக்கிற கை அவர்களுடையது. சூப்பர் சீஃப் பெட்டிகளின் உட்சுவர்களில் அரிய மரங்களின் மெல்லிய தகடுகளை ஒட்டினார்கள். அதுபோல ஒரு பெட்டியின் வாசல் சுவரிலாவது அரும்பாவூர்ச் சிற்பத் தகடு ஒன்றைப் பதிக்க முடியாதா? மரம் தீப்பிடிக்கும் என்று ரயில்வே சொன்னால், அது நியாயமான கவலைதான். செதுக்கியதை அச்செடுத்து உலோகத்தில் வார்க்கலாம். கீழே செதுக்கியவரின் பெயரும் ஊரும் இருக்க வேண்டும். அவருக்கு உரிய கூலியும் உரிமைத்தொகையும் போக வேண்டும்.

பெரம்பலூர் நகருக்கு இன்றுவரை ரயில் பாதை கிடையாது. அரியலூரிலிருந்து பெரம்பலூர் வழியாக நாமக்கல்லுக்குப் பாதை வேண்டும் என்ற கோரிக்கை எத்தனை காலமாக நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பாதைக்கான கோரிக்கையோடு இந்தச் சிற்பத் தகடு யோசனையையும் சேர்த்துத் தெற்கு ரயில்வேக்கு ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுத்த முறை அரும்பாவூர்ப் பக்கம் போகும்போது, சுவரில் பதிக்கிற சிற்பத்துக்கு எத்தனை அங்குலக் கனத்தில் மரம் எடுக்கிறார்கள், ஓர் ஆள் ஒரு பலகையை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று பட்டறையில் கேட்டு எழுதுங்கள். அவர்களுக்கு இதில் விருப்பம் உண்டா என்பதை முதலில் கேளுங்கள்.

சித்திக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்