முதல் இழை அறும்போது

பிள்ளைகளே, பெரிய காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்துத் தறிக்குழியின் ஓரத்தில் வளர்ந்தவன் நான். விடிந்ததும் அப்பா உடனே நெய்ய உட்கார மாட்டார். பாவின் மேல் உள்ளங்கையை மெல்ல ஓட்டுவார். ஓர் இழை அறுந்து தொய்ந்திருந்தாலும் கை சொல்லிவிடும். சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைத்த பிறகுதான் நாடா ஓடும். ஓர் இழைதானே என்று விட்டுவிட்டால், அந்தக் கோடு சேலை நெடுகிலும் கூடவே வரும். அன்று எனக்கு அது வீண் தாமதமாகப் பட்டது. சர்வர்களோடு முப்பது ஆண்டு கழித்த பிறகு, என் தொழிலில் பாதியை அந்த உள்ளங்கையே கற்றுக்கொடுத்தது என்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஓர் அலுவலகத்தின் கணக்கெல்லாம் ஒரே சர்வரில் இருந்தது. ஒருநாள் கர்னல் லாக்கில் ‘ஐ/ஓ எரர்’ என்று ஒற்றை வரி. சர்வரை ரீபூட் செய்தேன், ஓடியது. ‘சரியாயிற்று’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன். பத்து நாளில் ஃபைல் சிஸ்டம் ரீட்-ஒன்லி ஆகி, எதையும் எழுத மறுத்தது. மேலும் எழுதினால் மேலும் கெடும் என்று அது கையைக் கட்டிக்கொண்டு நின்ற நிலை அது. எனக்கு அது புரியவில்லை. பதற்றத்தில், செத்துக்கொண்டிருந்த அதே டிஸ்கின் மேல் எஃப்எஸ்செக் ஓட்டினேன். பெயரிழந்த ஃபைல்கள் ‘லாஸ்ட் அண்டு ஃபவுண்ட்’ அடைவில் வெறும் எண்களாகக் குவிந்தன. இரண்டு மாதக் கணக்கை ரசீது ரசீதாகப் பார்த்து மறுபடி ஏற்றினோம். அந்த இரவுகளில் யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

எஃப்எஸ்செக் நல்ல கருவிதான். ஏட்டில் எழுதியது ஒன்றுக்கொன்று முரண்பட்டால் அது தீர்த்து வைக்கும். ஏடே மக்கிக்கொண்டிருந்தால் அதனால் ஆவது ஒன்றுமில்லை. ஆகவே நோய் டிஸ்கிலா, ஃபைல் சிஸ்டத்திலா என்று முதலில் பிரித்தறியுங்கள். டிஸ்கில் என்றால், டிடிரெஸ்க்யூ போன்ற கருவியால் படிக்க முடிந்ததையெல்லாம் வேறொரு டிஸ்குக்கு நகலெடுத்து, அந்த நகலின் மேல் பழுது பாருங்கள். மவுண்ட் ஆகியிருக்கும் ஃபைல் சிஸ்டத்தில் எஃப்எஸ்செக்கைப் பழுதுபார்க்க ஏவவே கூடாது.

டிஸ்கும் ஃபைல் சிஸ்டமும் நலமாக, இடம் பாதி காலியாக இருந்தும் ‘டிஸ்கில் இடமில்லை’ என்று சர்வர் சொல்வதும் உண்டு. சிறு சிறு ஃபைல்கள் லட்சக்கணக்கில் சேர்ந்து ஃபைலுக்கு ஒன்றாகச் செலவாகும் ஐநோட் தீர்ந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். எங்கே பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

டிஸ்க் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் சாகிறது. ஸ்மார்ட் எனும் உள்கணக்கில், மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் ஆகியவற்றின் எண்ணிக்கை இருக்கும். கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளைக் கவனித்து 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஸ்கேன் எரர் முதல்முறை தலைகாட்டிய டிஸ்க், அடுத்த 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு என்றது அது. நான் ரீபூட் செய்து துடைத்துப்போட்ட அந்த ஒற்றை வரியை நினைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை வெகுநேரம் மூடாமல் வைத்திருந்தேன்.

அதே கட்டுரையில் இன்னொன்றும் உண்டு. பழுதான டிஸ்குகளில் 36 சதவீதத்துக்கும் மேல், வெப்பநிலை தவிர வேறெந்த ஸ்மார்ட் கணக்கிலும் ஓர் எண்கூடக் காட்டாமல் போயின. கண்காணிப்பு எவ்வளவு கூர்மையானாலும் நகலுக்கு ஈடாகாது. ஒன்று போனாலும் மற்றது தாங்கும்படி டிஸ்குகளைச் சேர்த்து வைக்கும் ரெய்டு இருக்கிறதே என்பீர்கள். இரட்டை டிஸ்கில் ஒன்று செத்து, எச்சரிக்கை விளக்கு வாரக்கணக்கில் எரிந்தும் எவரும் பாராமல், மற்றதும் போன இடத்துக்கு என்னை அழைத்திருக்கிறார்கள்.

நம் முன்னோர் கல்லைக்கூட முழுதாக நம்பவில்லை. திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்டுமுன், அதிலிருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்து வைக்க ராஜராஜன் ஆணையிட்டான். ராஜேந்திரன் காலத்தில் அவை மறுபடி பொறிக்கப்பட்டன. படியெடுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை, திரும்பப் பொறித்தார்கள். எடுத்து வைத்த பேக்கப்பை மீட்டுப் பார்க்காமலே பூட்டி வைப்பவர்களிடம் இதை நான் சொல்லாத நாளில்லை.

இப்போது ஊரிலேயே இருக்கிறேன். தம்பி மகன் எலக்ட்ரானிக் ஜக்கார்டுக்கு டிசைன் போட்டுக் கொடுக்கிறான். பேட்டு எனும் கரை, முந்தி எல்லாம் அவன் சர்வரில். தினம் காலையில் கடை திறந்ததும் லாக்கையும் ஸ்மார்ட் கணக்கையும் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. போன வாரம் போன் செய்தான்.

“பெரியப்பா, பென்டிங் செக்டர் நேத்து வரைக்கும் 0. இன்னைக்கு 8 காட்டுது.”

“டிசைன் எல்லாம் திறக்குதா?”

“எல்லாம் திறக்குது. ஆனா நகல் ஓட விட்டுட்டேன். அப்புறம்தான் உங்களுக்குப் போன் பண்றேன்.”