கண்ணால் கற்ற கணக்கு

சூத்திரத்தை மனப்பாடம் செய்தால் விடை வந்துவிடும். அந்தச் சூத்திரம் ஏன் சரி என்று யாராவது கேட்டால் நம்மில் பலருக்கு வாய் அடைத்துப் போகும். அட்சரகணிதம் என்றாலே எழுத்தும் குறியீடும்தான் என்று நினைத்திருக்கிறோம். ஆனால், அதற்குப் பெயர் தந்த நூலிலேயே படங்கள் இருக்கின்றன.

கலீபா மஃமூனின் ஆட்சிக்காலத்தில் (கி.பி. 813–833) பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி, தமது ‘அல்-ஜப்ர்’ நூலில் ஒரு கணக்கைத் தருகிறார். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணின் பத்து மடங்கைக் கூட்டினால் 39 வரும். அந்த எண் எது? இன்றைய குறியீடுகள் அவரிடம் இல்லை. சொற்களால் தீர்த்தார், அது சரியென்று சதுரம் வரைந்து காட்டினார்.

சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் என் தங்கை, “கணிதம் எனக்கு வராது” என்று புத்தகத்தை மூடிவிட்டாள். அவர் வரைந்த சதுரத்தையே உம்மா தைக்கும் மேசை விரிப்பாக்கி அவளுக்குச் சொன்னேன். நடுவில் ஒரு சதுரத் துணி. அதன் பக்க நீளம்தான் நாம் தேடும் எண். நான்கு பக்கமும் இரண்டரை அகலத்தில் கரை வைக்கிறோம். நான்கு கரைகளின் பரப்பளவும் சேர்ந்தால் அந்த எண்ணின் பத்து மடங்கு. இதுவரை செலவான துணி 39. விரிப்பு முடிந்துவிட்டதா?

“இல்ல ராத்தா, நாலு மூலையும் வெறுமையா இருக்கே!”

ஒரு மூலைக்கு ஆறேகால்; நான்குக்கும் 25. 39உடன் 25ஐக் கூட்டினால் 64. எனவே முழு விரிப்பின் பக்கம் 8. இரு கரைகளின் அகலமான 5ஐக் கழித்தால் 3. ‘வர்க்கப்பூர்த்தி’ என்பதில் பூர்த்தியாவது எது என்று அவள் கண்ணாலேயே கண்டுகொண்டாள்.

படத்துக்கும் ஓர் எல்லை உண்டு. குறியீடுகளால் தீர்த்தால் -13 என்ற இன்னொரு விடையும் வரும். துணியின் நீளம் மறை எண்ணாக இருக்க முடியாதே! அல்-குவாரிஸ்மியும் 3ஐ மட்டுமே விடையாகக் கொண்டார். ‘ஏன்’ என்பதைப் படம் விளக்குகிறது. படம் எட்டாத இடத்துக்குக் குறியீடு கொண்டுசெல்கிறது. நமக்கு இரண்டும் வேண்டும்.

சகோதரிகளே, தெரியாத ஒன்றைத் தெரிந்த ஒன்றாக உருவகித்துப் பார்ப்பதும் அறிவின் வழிதான். அடுத்த கணக்கில் தடுமாறும்போது, சூத்திரத்தைத் தேடுமுன் ஒரு படம் வரைந்து பாருங்கள். எந்த மூலை வெறுமையாக இருக்கிறது என்று தெரியவரும்.