மோட்டார் மிதிவண்டியும் யாமும்

பட்டணத்திலும் பட்டிக்காட்டிலும் ஒருங்கே காணப்படும் பொருள்கள் சிலவே. அவற்றுள் ஒன்று மோட்டார் பூட்டிய மிதிவண்டி. பால் விற்பார் அதில் பாற்கேன்களை ஏற்றுவர். காய்கறி விற்பார் கூடைகளை ஏற்றுவர். கோழி விற்பாரோ உயிருள்ள கோழிகளைத் தலைகீழாய்த் தொங்கவிட்டுச் செல்வர். ஒரு குடும்பமே அதன்மீதமர்ந்து திருவிழாவுக்குச் செல்லுதலும் உண்டு. சட்டம் அதனை ஒப்பாது, வண்டி ஒப்பிவிடுகின்றது.

'மொபெட்' என்னும் பெயர் 1952-இல் சுவீடன் நாட்டுப் பத்திரிகையாளர் ஹரால்டு நீல்சன் என்பார் மோட்டார், பெடல் என்னும் இரு சொற்களை ஒட்டி ஆக்கியது. பெயர் தோன்றுமுன்னரே பொருள் இருந்தது. பிரான்சு தேசத்தில் 1946 முதல் விற்பனையான வெலோசோலெக்ஸ் என்னும் வண்டியில் சிறியதோர் எஞ்சின் முன்சக்கரத்தின்மேல் அமர்ந்து, உருளையொன்றினால் டயரையே உராய்ந்து சுழற்றிற்று. நம் நாட்டில் லூனா 1972-இலும், ஓசூரில் ஆக்கப்பெற்ற டி.வி.எஸ். 50 என்பது 1980-இலும் வெளிவந்தன. எம் இல்லத்து வண்டியும் இவ்வினத்ததே. அதன் பெயர் ஈண்டு வேண்டா. அதனை ஓட்டுபவர் எந்தையார். விடியுமுன் இரண்டு பாற்கேன்களுடன் ஏழு மைல் சென்று மீளுதல் அவரது நாட்கடன். எமது கல்லூரிச் சம்பளம் அவ்வண்டியின்மீதேறியே வருகின்றது எனின் மிகையாகாது.

இவ்வண்டியின் எஞ்சின் இருவீச்சு எஞ்சின். பிஸ்டன் ஒருமுறை மேலேறி ஒருமுறை கீழிறங்குவதற்குள் உண்ணுதல், அழுத்துதல், எரித்தல், கழித்தல் என்னும் நான்கும் முடிந்துவிடும். பெரிய மோட்டார் வண்டிகளிற்போல வால்வுகள் இதற்கு இல்லை. சிலிண்டரின் சுவரிலுள்ள துளைகளைப் பிஸ்டனே திறந்து மூடும். எண்ணெய்க்கெனத் தனித் தொட்டியும் இல்லை. பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்றுவர். அவ்வெண்ணெய் பிஸ்டனை வழுவழுப்பாக்கிப் பின் தானும் எரிந்து போகும். முற்றும் எரியாத பகுதி கரியாய், புகை செல்லும் வழியெங்கும் படியும்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் எம் வண்டி சோர்வுற்றது. சமநிலத்தில் ஓடும், ஆற்றுப் பாலத்து ஏற்றத்தில் நடையாய்விடும். எந்தையார் இறங்கித் தள்ளிக்கொண்டே சென்று, பால் தாமதித்ததென்று இரண்டு வீட்டாரை இழந்தார். பட்டறையிற் காட்டியபொழுது, "போர் போய்விட்டது ஐயா, எஞ்சினை இறக்கவேண்டும், நாலாயிரம் ஆகும், நான்கு நாள் விட்டுச் செல்லுங்கள்" என்றார் பட்டறையார். நான்கு நாள் வண்டியின்றிப் பால் செல்லாது. ஆதலின் எந்தையார் வண்டியை உருட்டிக்கொண்டே வீடு வந்தார்.

பட்டறையாரைப் பழித்தல் எம் கருத்தன்று. பத்து வண்டிகள் வரிசையில் நிற்க, ஒவ்வொன்றின் ஒலியையும் செவிமடுத்து ஆராய அவருக்குப் போது ஏது? வீட்டுக்காரருக்கோ ஒரே வண்டி. யாம் எண்ணியது இதுவே: பிஸ்டனும் சிலிண்டரும் தேய்ந்திருப்பின் அழுத்தம் குறைந்திருக்கும், பெடலை மிதித்தால் கால் தடையின்றி ஓடும், வண்டி எளிதிற் கிளம்பாது. எம் வண்டியோ குளிர்ந்த விடியலிலும் இரண்டாம் மிதிக்குக் கிளம்பிற்று. ஆகவே அது மூச்சை உள்ளிழுக்கின்றது, அழுத்தவும் செய்கின்றது. வெளிவிடத்தான் வழியில்லை போலும்.

முதலில் எளியவற்றைப் பார்த்தோம். பெட்ரோல் தொட்டியின் மூடியில் ஊசித்துளை ஒன்றுண்டு. அது தூசியால் அடைபட்டால் காற்றுப் புகாது, பெட்ரோலும் இறங்காது. வண்டி சிறிது தூரம் ஓடி நின்றுவிடும். மூடியைத் திறந்தால் மீண்டும் ஓடும். இதனை அறியாது கார்புரேட்டரைக் கழற்றிக் கெடுப்பார் பலர். எமது மூடி செவ்வையாகவே இருந்தது. பிறகு பிளக்கைக் கழற்றினோம். பிளக்கின் முனை எஞ்சினின் நாக்குப் போன்றது: உலர்ந்த பழுப்பாயின் நலம், வெளுத்திருப்பின் சூடு மிகுதி, கரிய ஈரமாயின் எண்ணெயோ பெட்ரோலோ மிகுதி. எமது பிளக் நனைந்த கரியாய் இருந்தது.

சைலன்சரைக் கழற்றியவுடன் வழக்குத் தீர்ந்தது. புகை வெளியேறும் துளை, கல்லாய் இறுகிய கரியினாற் சுண்டுவிரலும் நுழையாதபடி சுருங்கியிருந்தது. பிஸ்டனை மேலேற்றி அத்துளையை மூடச்செய்து, கரி உள்ளே விழாதவாறு, மூங்கிற் சிம்பினாற் சுரண்டினோம். இரும்பு கூடாது, பிஸ்டனைக் கீறிவிடும். சைலன்சரின் உட்குழாயைத் தனியே உருவிக் கம்பித் தூரிகையால் தேய்த்தோம். இவ்வேலையைப் பகலில், வெட்டவெளியிற் செய்தல் வேண்டும். பெட்ரோல் இருக்குமிடத்தில் விளக்கோ பீடியோ அணுகலாகாது. பிற்பகல் தொடங்கிய வேலை விளக்கு வைக்குமுன் முடிந்தது. மறுநாள் விடியலில் எந்தையார் பாலத்து ஏற்றத்தை இறங்காமலே கடந்தார்.

அத்துணைக் கரி சேர்ந்ததெப்படி? எந்தையார் அன்பின் மிகுதியால் எண்ணெயைக் கைக்கணக்கில் ஊற்றிவந்தார். "எண்ணெய் கூடினால் எஞ்சினுக்கு நல்லதுதானே, தம்பி" என்பார். லிட்டருக்கு இருபது மில்லி என்றோ நாற்பது மில்லி என்றோ, வண்டிக்கும் எண்ணெய்க்கும் ஏற்ப அளவு உண்டு. குறைந்தால் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். மிகுந்தால் கரி படியும். இன்னுமொரு விந்தை: ஒரே ஜெட்டின் வழியே எண்ணெய் மிகுதியாய்ச் செல்லின் பெட்ரோல் அவ்வளவு குறைந்தே செல்லும். மருந்துக்கடையில் வாங்கிய அளவுக்கிண்ணம் ஒன்று இப்பொழுது பால்கேன்களுக்கருகில் தொங்குகின்றது.

எல்லாம் வீட்டிலேயே செய்யத்தக்கன என்று யாம் கூறோம். எஞ்சினின் அடிப்பெட்டியைப் பிளத்தல், அதற்குரிய இழுப்பான் இன்றிக் கிளட்சைக் கழற்றுதல் ஆகியன பட்டறைக்கே உரியன. புதுவண்டிகளின் நிலையும் வேறு. 2015-இல் வந்த எக்ஸ்.எல். 100 நான்குவீச்சு எஞ்சினுடையது. எண்ணெய் தனியே நிற்பதாற் கரித்தொல்லை அதற்குப் பெரிதும் இல்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்தபின் அதிற் கார்புரேட்டரும் நீங்கிற்று. பெட்ரோலை மின்கருவி அளந்து தெளிக்கின்றது. அதன் நோயைப் பிளக்கின் நிறங்கண்டு மட்டும் அறிதல் அரிது.

எம் வண்டியின் இருக்கைக்கடியில் ஒரு துணிப்பை உண்டு. பிளக் ஸ்பேனர், பத்துப் பன்னிரண்டு ஸ்பேனர், மாற்றுப் பிளக் ஒன்று, ஆக்சிலரேட்டர் ஒயர் ஒன்று, தேய்ந்த பற்றூரிகை, அம்மூங்கிற் சிம்பு ஆகியன அதிலுள்ளன. சிம்பை மட்டும் எந்தையார் புதிதாய்ச் சீவி வைத்துள்ளார்; பழையதைக் கோழி கலைக்க எடுத்துக்கொண்டாராம்.