தாத்தாவின் ட்ரீக்கல் புடிங்

எங்கள் தாத்தாவுக்கு இங்கிலீஷில் கையெழுத்து வைக்கக்கூடத் தெரியாது. ஆனால் ட்ரீக்கல் புடிங், கஸ்டர்ட், ஐரிஷ் ஸ்டூ என்று இங்கிலீஷ் சாப்பாட்டுப் பெயர்களை மளமளவென்று சொல்லுவார். எட்டியாந்தோட்டைக்கு மேலே, ஒரு பக்கம் ரப்பரும் மறுபக்கம் தேயிலையுமாக இருக்கிற தோட்டம் எங்களுடையது. அங்கே பெரிய துரை பங்களாவின் குசினியில் அவர் முப்பத்தொரு வருசம் இருந்தார். முதலில் பாத்திரம் கழுவுற பொடியன், பிறகு அப்புவுக்குக் கைஉதவி, கடைசியில் அவரே அப்பு.

அந்தச் சாப்பாட்டில் ஒன்றைக்கூட அவர் எங்கள் வீட்டு அடுப்பில் செய்தது இல்லை. கேட்டால், "அது பங்களா சாப்பாடு புள்ள, லயத்துக்கு எதுக்கு?" என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

2024 டிசம்பர் லீவில் நாங்கள் விடவில்லை. நாங்கள் என்றால் அக்காவும் தங்கச்சியும். ஒருத்தி கம்பஸில் கலைப்பீடம், மற்றவள் உயர்தரம் படிக்கிறாள். தாத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஒரு கண்ணில் வெள்ளை விழுந்திருக்கிறது. போன வருசம் வரைக்கும் அடுக்கிச் சொன்ன பெயர்களில் பாதி இப்போது வாயில் வருவதில்லை. ட்ரீக்கல் புடிங் மட்டும் இன்னும் முழுசாக ஞாபகம் இருந்தது. அதையாவது பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் தொடங்கினோம்.

முதலில் இந்தப் புடிங் என்றால் என்ன என்று தேடிப் பார்த்தோம். இங்கிலாந்தில் ஆரம்பத்தில் புடிங் என்பது இனிப்பே இல்லையாம். ஆட்டுக்குடலிலோ பன்றிக்குடலிலோ இறைச்சி, கொழுப்பு, தானியம் எல்லாம் அடைத்து அவித்த ஒன்றுக்குத்தான் அந்தப் பெயர். 17ஆம் நூற்றாண்டில் குடலுக்குப் பதிலாகத் துணியில் கட்டி அவிக்கும் பழக்கம் பரவியது. பிறகு துணியின் இடத்துக்குக் கிண்ணம் வந்தது. ஒவன் இல்லாத ஏழை வீடுகளிலும் ஒரு பானையும் கொதிதண்ணியும் இருந்தால் போதும், இதைச் செய்துவிடலாம். இதை வாசித்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் லயத்திலும் ஒவன் இல்லை, பானை இருக்கிறது. அப்படியென்றால் 'லயத்துக்கு எதுக்கு' என்று தாத்தா சொன்ன சாப்பாடு, லயம் மாதிரி வீடுகளிலும் வெந்த சாப்பாடுதானே!

அதற்குள் ஊற்றுகிற ட்ரீக்கல் என்பது கரும்புச் சீனியைச் சுத்திகரிக்கும்போது மிஞ்சுகிற பாகு. அதன் வெளிர்நிற வடிவமான கோல்டன் சிரப், 1880களில் லண்டனில் ஏப்ரம் லைல் என்பவரின் ஆலையிலிருந்து டின்னில் வரத் தொடங்கியது. எங்கள் பாட்டன் பூட்டன் கோப்பிக்கும் தேயிலைக்கும் இலங்கைக்கு வந்த அதே நூற்றாண்டில், வேறு தமிழர்கள் மொரிசியஸுக்கும் நேட்டாலுக்கும் கப்பலேறிப் போய் கரும்பு வெட்டினார்கள். கம்பஸில் இதை ஒரு பாடமாகப் படித்திருக்கிறோம். ஒரு புடிங்கிலும் இது வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. 1927இல் பிரித்தானியாவின் எம்பயர் மார்க்கெட்டிங் போர்ட், அரச குடும்பத்துச் சமையற்காரரிடம் வாங்கி ஒரு கிறிஸ்மஸ் புடிங் செய்முறையை வெளியிட்டது. ஒவ்வொரு பொருளுக்கு நேரேயும் அது சாம்ராஜ்யத்தின் எந்த நாட்டிலிருந்து வர வேண்டும் என்று போட்டிருந்தார்கள். உலர்ந்த பழத்துக்கு அவுஸ்திரேலியா, கராம்புக்கு சான்சிபார். கறுவாவுக்கு இலங்கை. சாமான் வருகிற நாடுகளின் பெயர் எல்லாம் வரிசையாக இருக்கிறது. சாமானை உரித்தவர், பொறுக்கியவர், மூட்டை கட்டியவர் யாரும் அந்தப் பட்டியலில் இல்லை.

தாத்தாவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் அசையவில்லை. அவருக்கு வேறு கதை இருந்தது. அவர் பொடியனாக இருந்த காலத்தில் கோல்டன் சிரப் டின் கொழும்பிலிருந்து வரும். ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து ரோட்டு அடைத்துக்கொண்டது. டின் வரவில்லை, விருந்தாளிகள் மட்டும் வந்துவிட்டார்கள். பழைய அப்பு பயந்து பயந்து கிராமத்திலிருந்து கித்துள் பாணி வாங்கி ஊற்றினார். துரை இரண்டாம் முறையும் கேட்டுச் சாப்பிட்டார். "அதுக்கப்புறம் டின்ன யாரும் தேடல" என்று தாத்தா சிரித்தார். இலங்கை இங்கிலீஷில் கித்துள் பாணிக்கும் ட்ரீக்கல் என்றுதானே பெயர்.

1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. அதற்குப் பிறகு பங்களாவுக்கு வந்தவர்கள் நம் நாட்டுத் துரைமார். "தொர மாறுனாங்க, புடிங் மாறல" என்றார் தாத்தா.

கித்துள் பாணி வாங்க நாங்களும் கிராமத்துக்குத்தான் போனோம். கித்துள் மரத்தின் பூவைச் சீவி, வடிகிற தெளுவைக் காய்ச்சித்தான் பாணி எடுக்கிறார்கள். எங்கள் ஆட்கள் ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவி பால் எடுக்கிறார்கள். இரண்டு பேருக்கும் சீவுகிற வேலைதான், மரம்தான் வேறு. பாணி விற்கிற சிங்கள அம்மாவிடம் இதை அரைகுறைச் சிங்களத்தில் சொல்ல, அவர் சிரித்துவிட்டு ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினார். சீனி கலக்காத நல்ல பாணி ஒரு போத்தல் வாங்கினால் அம்மாவின் ஒரு நாள் பேர் அப்படியே போய்விடும். அந்த செப்டெம்பரில்தான் தேயிலைத் தொழிலாளரின் அடிப்படை நாள் சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானி வந்திருந்தது. அதனால் அரைப் போத்தல்தான் வாங்கினோம்.

சமையல் அன்றைக்கு தாத்தாவை அடுப்புக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார வைத்தோம். 1876இல் கியூ தோட்டத்திலிருந்து ஹெனரத்கொடைக்கு வந்த ரப்பர் கன்றுகளின் வாரிசு ஒன்று, பால் வற்றி, விறகாக எங்கள் அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது.

அளவு இதுதான். மாஜரின் 100 கிராம், சீனி 100 கிராம், முட்டை இரண்டு, கோதுமை மா 150 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, இஞ்சித்தூள் ஒரு தேக்கரண்டி, கொஞ்சம் பால். பழைய இங்கிலீஷ் முறையில் மாட்டுக் கொழுப்பு போடுவார்களாம், பங்களாவில் பட்டர், எங்களுக்கு மாஜரின். மாஜரினையும் சீனியையும் வெள்ளையாக வரும்வரை அடித்து, முட்டையை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றி, மாவைக் கலக்க வேண்டும். டின்னின் உள்ளே மாஜரின் தடவி, அடியில் நாலு மேசைக்கரண்டி பாணி ஊற்றி, அதன் மேல் மாவை முக்கால் டின்னுக்கு மேல் போகாமல் போட வேண்டும். வாய்க்கு வாட்டின வாழை இலை, அதன் மேல் துணி, சுற்றிக் கயிறு. நடுவில் ஒரு மடிப்பு விட்டுக் கட்டணும், புடிங் உப்பி மேலே வர இடம் வேணுமே.

ஆரம்பத்தில் தாத்தா மெதுவாகத்தான் சொன்னார். "மாவ சலிச்சுக்க புள்ள... முட்டைய பாத்து ஒட..." கொஞ்ச நேரத்தில் குரல் மாறியது.

"எடு. கொண்டா. சும்மா நிக்காத. என்ன பாக்குற? கைய கழுவு. சீக்கிரம்!"

தாத்தா எங்களிடம் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. தங்கச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. இஸ்தோப்பில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பாயி திரும்பாமலே சொன்னார்: "ஒங்க தாத்தாவுக்கு தொரசாணி வந்துருச்சு."

தாத்தா அப்படியே நின்றுவிட்டார். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை.

தமிழ் தெரியாமல் தோட்டத்துக்கு வருகிற சின்னத் துரைமாருக்கென்று 19ஆம் நூற்றாண்டில் ஒரு கையடக்கத் தமிழ் வழிகாட்டி அச்சிட்டார்கள். அதன் பெயரே 'இங்கே வா!' இதை எங்கேயோ வாசித்துவிட்டு நண்பர்களோடு சிரித்திருக்கிறோம். அன்றைக்கு எங்கள் குசினியில் சிரிப்பு வரவில்லை. தாத்தா அந்தப் புடிங்கை வாசித்துப் படிக்கவில்லை. எடு, வை, கொண்டா என்று கேட்டுக் கேட்டுத்தான் படித்தார். மாவும் சீனியும் அவர் தலையில் அந்தச் சொற்களோடுதான் ஒட்டியிருக்கிறது. ஒன்றை எடுத்தால் மற்றதும் கூடவே வருகிறது.

முதல் புடிங் கெட்டுப்போனது. ஒன்றரை மணித்தியாலம் மூடி வைத்து அவிக்க வேண்டியதை, ஆசை தாங்காமல் நாலு தடவை திறந்து பார்த்தோம். தண்ணி குறைந்ததும் பீலித் தண்ணியைப் பச்சையாக ஊற்றினோம். கொதி அடங்கி, உப்பி வந்த மாவு நடுவில் குழியாக இறங்கிவிட்டது. தாத்தா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இந்த முறை மெதுவாகச் சொன்னார்: "பக்கத்துல ஒரு கேத்தல்ல தண்ணி கொதிச்சுக்கிட்டே இருக்கணும். கொற கொறன்னு கொறையிறப்ப அதத்தான் ஊத்தணும். மொத அரை மணிக்கு மூடிய தொடவே கூடாது." பிறகு, "நானும் மொத தடவ இப்படித்தான் கெடுத்தேன்" என்றார். அன்றைக்கு அவருக்கு என்ன கிடைத்தது என்று நாங்கள் கேட்கவில்லை.

இரண்டாவது புடிங் மறுநாள். டின் அடியில் படாமல் ஒரு சிரட்டைத் துண்டு வைத்து, பாதி டின் உயரத்துக்குத் தண்ணி விட்டு, திறக்காமல் காத்திருந்தோம். அந்த நேரத்தில்தான் அப்பாயி பேசினார். அவர் பால் வெட்டப் போனவர். விடியுமுன்னே மலைக்கு ஏறி, மத்தியானம் வந்து, பிள்ளைகளைப் பார்த்தவர். "எத்தன தீவாளி! பங்களாவுல விருந்துன்னு இந்த மனுசன் ராத்திரிதான் வருவாரு. ஒங்க அப்பன் பொறந்த அன்னைக்கும் அங்கதான். அங்க என்னத்த வேகவச்சாருன்னு நா ஒரு நாளும் பாத்ததில்ல."

"நீங்க சாப்பிட்டிருக்கீங்களா தாத்தா?" என்று கேட்டோம்.

"ருசி பாக்காம எப்படி சமைக்கிறது?"

"அப்பாயிக்கு ஒரு துண்டு கேட்டிருக்கலாமே?"

தாத்தா விறகைத் தள்ளிவிட்டார். "கேட்டா குடுத்திருப்பாங்க. அதான் கேக்கல."

அப்பாயி ஒன்றும் சொல்லவில்லை. உரலில் வெற்றிலை இடிபடுகிற சத்தம் மட்டும் கொஞ்சம் நின்று மறுபடி தொடங்கியது.

கயிற்றை அவிழ்த்து, தட்டில் கவிழ்த்து, டின்னின் முதுகில் இரண்டு தட்டு தட்டினோம். புடிங் முழுசாக இறங்கியது. மேலே ஊற்றிய மாதிரி பாணி நாலு பக்கமும் வழிந்தது. இஞ்சி வாசமும் கித்துளின் அந்த இலேசான புகை வாசமும் லயம் முழுக்கப் போய், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாசலில் வந்து நின்றார்கள். முதல் துண்டை அப்பாயிக்கு வைத்தோம்.

அவர் கையால் பிட்டு வாயில் போட்டு, ரொம்ப நேரம் மென்றார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். "தித்திப்பு ஜாஸ்தி. இதுக்கா இம்புட்டு நேரம்?" சொல்லிவிட்டு சாயத்தண்ணி கேட்டார். ஆனால் துண்டை மிச்சம் வைக்கவில்லை.

அதுவரைக்கும் தாத்தா கதவோரம் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அப்பாயி சாப்பிட்டு முடித்ததும் குனிந்து அவர் தட்டை எடுக்கப் போனார். அப்பாயி தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "வைங்க. புள்ளைங்க கழுவும். நீங்க ஒக்காந்து தின்னுங்க."

தாத்தா உட்கார்ந்தார்.

செய்முறையை சீஆர் கொப்பியில் தமிழில் எழுதி வைத்திருக்கிறோம். நீங்களும் செய்து பாருங்கள், ஒவன் வேண்டாம். கொப்பியில் 'கித்துள் பாணி நாலு மேசைக்கரண்டி' என்ற இடத்தில் நாலை வெட்டி மூன்று என்று போட்டிருக்கிறோம். அது அப்பாயி சொன்ன திருத்தம். தாத்தா கொஞ்சம் முறைத்தார், ஆனால் மறுத்துப் பேசவில்லை.